பொது மேய்ச்சலும் தனிப் பொறுப்பும்

மாடு தனியொருவர் உடைமை. அது மேயும் புல்லோ பலருக்கும் பொது. தோட்டப்புறங்களில் நம்மவரிடையே எழும் சச்சரவுகளிற் பல இவ்விரண்டுக்கும் இடையேதான் பிறக்கின்றன. தன் மாட்டை எண்ணிக் கட்டாதவர் எவருமில்லை. அது மேய்ந்த நிலத்தின் கணக்கை நினைப்பவரோ மிகச் சிலர். தோட்டக் கிராணியாகப் பதினோராண்டு கணக்கெழுதிவரும் நாம், இவ்விஷயம் குறித்து அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

பால்மரக் காடுகள் இருந்த காலந்தொட்டே தோட்டத் தமிழர் பசு வளர்த்து வந்தனர். கூலி போதாத வீட்டுக்குப் பசுவே சேமிப்பு; பால் அன்றாடச் செலவுக்கு, கன்று கலியாணச் செலவுக்கு. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டன. மேய்ச்சல் நிலம் போகவே, மாட்டை விற்றுவிட்டுப் பட்டணம் சேர்ந்த குடும்பங்கள் பல. எம் தோட்டத்தில் இன்று மாடு வைத்திருப்போரும் நிர்வாகத்தின் இசைவால் வைத்திருக்கின்றனரேயன்றி உரிமையால் அன்று.

இங்கு ஏழு குடும்பங்களுக்கு 46 மாடுகள் உண்டு. ஒருவரிடம் மட்டும் 21. ஒரு மூதாட்டியாரிடம் 2. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மறுநடவு செய்த நிலத்தில் மாடுகள் புகுந்து இளஞ்செடிகளின் குருத்தைத் தின்றுவிட்டன. எவர் மாடு என்று கேட்டால், ஏழு பேரில் ஒவ்வொருவரும் மற்ற அறுவரைக் காட்டினர். மீண்டும் இவ்வாறு நிகழுமாயின் மாடுகள் அனைத்தும் ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டுமென நிர்வாகம் கடிதம் கொடுத்தது. அதனை வீடு வீடாகச் சென்று படித்துக் காட்டும் பணி எம்முடையதாயிற்று. மூதாட்டியார் கேட்டார்: "கிராணி ஐயா, என் ரெண்டு மாடும் கொட்டகையிலேதானே நின்னுச்சு? மத்தவங்க மாடு தின்னதுக்கு நான் ஏன் வித்துட்டு நிக்கணும்?" அக்கேள்விக்குக் கடிதத்தில் விடையில்லை.

இவ்வினா புதிதன்று. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாட்டைச் சேர்ப்பான். இலாபம் அவனுக்கு, நட்டம் எல்லோருக்கும். ஈற்றில் நிலமே அழியும் என 1968-இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். இஃது எங்கும் மாறாத விதியன்று என்று எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலைக்கிராமத்தில் 1517-லேயே ஒரு சட்டம் இருந்தது: குளிர்காலம் முழுதும் எத்தனை மாடுகளுக்குத் தீனியிட்டுக் காக்க முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டையும் எவரும் பொது மலைக்கு ஓட்டலாகாது. அம்மையார் 2009-இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்றார்; அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

இங்கிலாந்தில் பலருடைய குதிரைகள் ஒரே புல்வெளியில் விடப்படுகின்றன. குதிரை ஒன்றுக்கு 1 முதல் 1½ ஏக்கர் வேண்டுமென்பது அந்நாட்டுக் குதிரைச் சங்கத்தின் ஆலோசனை. அங்கு இலத்தியை அள்ளாமல் விடும் ஒருவரது சோம்பல், குடற்புழுவாய் எல்லோர் குதிரைக்கும் போய்ச் சேரும். புதிதாய் வந்த குதிரையைச் சில வாரம் பிரித்து வையாவிடினோ, தொற்றுநோய் பரவும். பணமுள்ளவர் குதிரை, இல்லாதவர் குதிரை என்று புழு பார்ப்பதில்லை.

நிற்க. கடிதம் வந்த மறுவாரம் ஏழு குடும்பத்தாரும் தோட்ட மண்டபத்தில் கூடினர். இரவு பதினொரு மணி வரை வாதம் நடந்தது. முடிவில் எழுதிக் கையொப்பமிட்டவை நான்கு.

முதலாவது, மாடொன்றுக்கு ஒரு நாள் மேய்ச்சற் காவல். 46 நாட்களில் மூதாட்டியாருக்கு 2 நாள். 21 மாடுடையவருக்கு 21 நாள். இரண்டாவது, முதிர்ந்த செம்பனை நிலத்தை ஏழு பகுதியாக்கி, வாரம் ஒன்றாக மேய்ப்பது. இதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு வாரம் ஓய்வு கிட்டும்; புல் தழைக்கும், சாணத்திலிருந்து வெளிப்படும் புழுக்களும் பெரிதும் குறையும். பாராகுவாட் 2020-இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டதாயினும் வேறு களைக்கொல்லிகள் உள. ஆதலின் மருந்தடிக்கும் நாட்களை நாம் முன்கூட்டியே பலகையில் எழுதுகின்றோம். மூன்றாவது, புதிய மாடு வாங்குவோர் மற்ற அறுவரின் இசைவு பெற்று, இரு வாரம் அதனைத் தனியே கட்டவேண்டும். 2021-இல் இந்நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோயை எவரும் மறக்கவில்லை. நான்காவது, சேதம் நேர்ந்தால் அன்றைய காவலர் பொறுப்பு. அவர் மீது தவறில்லையெனில் மாட்டுத் தலைக்கு இவ்வளவென எல்லோரும் பங்கிட்டுக் கொடுப்பது.

முதல் விதியே பெரும் பூசலை விளைத்தது. "எல்லாருக்கும் சமமா வைங்க, ஆளுக்கு ஒரு நாள்" என்றார் 21 மாடுடையவர். சமம் என்னும் சொல் இனியதுதான். ஆயினும் 2 மாட்டுக்கும் 21 மாட்டுக்கும் ஒரே காவல் என்பது, எளியவர் முதுகில் வலியவர் சுமையை ஏற்றுவதாகும். புல்லில் பெரும்பங்கு கொள்பவர் உழைப்பிலும் பெரும்பங்கு கொள்வதே நியாயம். அவர் இப்பொழுது ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து மேய்க்கிறார், முணுமுணுப்பு நின்றபாடில்லை.

பத்து மாதங்கள் ஆயின. மறுநடவு நிலத்தில் ஒரு மாடும் புகவில்லை. கடிதமோ திரும்பப் பெறப்படவில்லை. இன்னும் கோப்பிலேயே இருக்கின்றது. நாளை நிர்வாகம் மாறினால், நிலம் கைமாறினால், இவ்வேற்பாடும் ஒரு நாளில் போய்விடலாம். அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஏழு பேர் ஏழு குரலில் கெஞ்சுவதற்கும், கையொப்பமிட்ட ஏட்டுடன் ஒரே குரலில் பேசுவதற்கும் வேற்றுமை உண்டு. ஆதலின் மாடு வளர்க்கும் தோட்டத்துச் சகோதரர்களே, கடிதம் வரும்வரை காத்திராதீர். இருபது காசு பெறாத ஒரு தாளில் உங்கள் மாடுகளின் எண்ணிக்கையையும் காவல் முறையையும் இன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது எம்போன்ற கிராணிமார் கடமை.