பர்கண்டி கிராமத்துச் சாலையில் சைக்கிளோடு இரண்டு நாள்

பிரான்ஸ் போய் வந்தேன் என்றால் எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பாரீஸ் பக்கமே போகவில்லை. லியோன் நகரத்தில் இருக்கும் என் மகளோடும் நாலு வயதுப் பேரனோடும், ஜூன் மாதத்தில் இரண்டு நாள், பர்கண்டியின் தெற்கு மூலையில் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் விட்டேன்.

"இந்த வயசில் சைக்கிளா!" என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். எனக்கு 52 வயது. இரண்டு வருடமாக முழங்கால் வலி. மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற கேஸ் நான். "சைக்கிள் ஓட்டுங்கள், உடம்பின் பாரம் முட்டியில் அவ்வளவாக இறங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் ஊர் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்ட யாருக்குத் தைரியம் வரும்? பேச்சுவாக்கில் மகளிடம் இதைச் சொன்னதும் அவள் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை பிறந்ததிலேர்ந்து வீடு, ஆபீஸ், குழந்தைகள் காப்பகம்... வெளிக்காத்தே படலைம்மா. நீ வந்தா நானும் கிளம்பறேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, என் முட்டியைவிட இவளுக்குத்தான் இந்தப் பயணம் அவசரமாக வேண்டும் என்று தோன்றியது. மாப்பிள்ளைக்கு டியூட்டி. என் வீட்டுக்காரர் போனில், "கையைக் காலை உடைச்சுக்காம வந்து சேரு" என்று ஆசி வழங்கினார்.

அந்த ஊர்ச் சாலைகள் ஏன் அத்தனை வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் மொத்தம் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறதாம். அதில் அதிவேகச் சாலையும் தேசிய நெடுஞ்சாலையும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்குதான். லாரிகளும் அவசரக்காரர்களும் அந்த இரண்டு பங்கில் பறந்துவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் கிராமங்களைக் கோர்க்கிற சின்னச் சின்னச் சாலைகள். ஜனங்கள் பட்டணத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். சாலை மட்டும் வழவழவென்று அப்படியே இருக்கிறது. மாவட்டச் சாலை என்றால் கைகாட்டிப் பலகையில் 'டி' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். மைல்கல்லின் தலையில் மஞ்சள் வர்ணம். மிஷ்லன் கம்பெனி வரைபடத்தில் வெள்ளைக் கோடாகப் போட்டிருப்பவைதான் எல்லாவற்றிலும் சின்னவை. சாலையின் மேல் அம்புக்குறி போட்டிருந்தால் ஏற்றம் என்று அர்த்தம். ஒரு அம்பு என்றால் சமாளிக்கலாம். மூன்று அம்பு என்றால் வேறு வழி பாருங்கள்!

சைக்கிள்களை ரயிலில் ஏற்றி மாக்கோன் என்ற ஊரில் இறங்கினோம். முதல் நாள் குளூனி வரை, சுமார் 25 கிலோமீட்டர். இந்தப் பாதையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரயில் ஓடிய வழி. ரயில் நின்றதும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். குளூனியிலிருந்து ஷிவ்ரி வரையிலான பகுதியை 1997-ல் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் 'பசுமை வழி' அதுதான். ரயில் செங்குத்தாக ஏறாதல்லவா? ஆகவே பாதையும் நோகாமல் ஏறி நோகாமல் இறங்குகிறது. நடுவில் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய சுரங்கம் ஒன்று. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர் நடுக்குகிறது, ஸ்வெட்டர் கட்டாயம். குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். எதற்குத் தெரியுமா? உள்ளே வௌவால்கள் தூங்குகின்றனவாம்! பேரன் அதைக் கேட்டதிலிருந்து சுரங்கம் முடியும் வரை வாயைப் பொத்திக்கொண்டே வந்தான்.

அவன் வந்தது என் மகளின் சைக்கிளுக்குப் பின்னால் கோர்த்த இரண்டு சக்கரக் குட்டி வண்டியில். பின் ஸீட்டில் உட்கார வைத்தால் தூங்கும்போது தலை தொங்கிப் போகும். வண்டியில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குகிறது குழந்தை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சைக்கிளை ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும் என்று 2017 முதல் அங்கே சட்டம். வண்டி இழுக்கத் தெம்பு வேண்டுமே என்று மகள் பாட்டரி சைக்கிள் எடுத்துக்கொண்டாள். மிதித்தால்தான் மோட்டார் உதவும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதுவாக நின்றுவிடும். பச்சை உடம்புக்காரர்களும் மூட்டு வலிக்காரர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

எனக்கு சாதாரண சைக்கிள்தான், கியர் வைத்தது. கடைக்காரர் முதலில் செய்தது ஸீட்டை உயர்த்தியது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். ஸீட் தாழ்ந்திருந்தால் முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தித்தானே வைத்துக்கொள்கிறோம்!

உடை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மகள் ஒரு கதை சொன்னாள். பாரீஸில் 1800-ல் பெண்கள் கால்சட்டை போடக்கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டார்கள். பிறகு 1892-லும் 1909-லும் மனமிரங்கி ஒரு சலுகை கொடுத்தார்கள்: கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் ஹாண்டில்பாரோ இருந்தால் போடலாம். அந்த உத்தரவு செல்லாது என்று அரசாங்கம் வாய்விட்டுச் சொன்னது 2013-ல்தான்! இதைக் கேட்டபின் நான் ஏன் கூச்சப்படுகிறேன்? உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை, மேலே தொளதொள குர்த்தா.

குளூனியில் 910-ல் தோன்றிய ஒரு பெரிய மடம் இருந்தது. அதன் தேவாலயத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் கோபுரத்தைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டோம்.

மறுநாள்தான் பரீட்சை. கொர்மத்தான் வரை சமதளம். அங்கிருந்து 'டி 14' சாலை, ஷாப்பேஸ் வழியாக பிரான்சியோன் குன்றின் மேல் ஏறி தூர்னு நகரத்தில் இறங்குகிறது. மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். இரு புறமும் புல்வெளி, அதில் சலவைக்கல் மாதிரி வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள். அரை மணிக்கு ஒரு கார் வந்தால் அதிகம். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். அதற்காக, எதிரே வண்டி வராவிட்டால், சாலை நடுக்கோட்டைத் தாண்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லாம் வலப்பக்கம். கிராமத்துச் சந்துகளில், பலகை எதுவும் இல்லாவிட்டால், வலப்புறத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி.

ஷாப்பேஸ் கிராமத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மணி பன்னிரண்டு தாண்டியாயிற்று. அந்த நேரத்தில் கிராமத்துக் கடைகள் கதவைச் சாத்திவிடும். மகள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள். "ஐயோ, அங்கே எதுக்குடி?" என்று பதறினேன். பூச்செடிக்கு ஊற்ற அங்கே எப்போதும் குழாய் இருக்குமாம். சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லை. முதலில் தயங்கினேன், தாகம் ஜெயித்தது.

சாப்பாட்டுக்குக் காலையில் வாங்கிய நீள ரொட்டி, செர்ரிப் பழம், நான் கொண்டுபோன கடலை மிட்டாய். அந்த ஊர் ஆட்டுப்பால் கட்டி பிரசித்தம். ஆனால் பாரம்பரியமான பாலாடைக்கட்டிகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைமருந்து சேரும். சுத்த சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது. லியோனுக்குப் பக்கத்துச் செயின்ட் எத்தியென் ஊரில் வாழ்ந்து 1930-ல் மறைந்த போல் தெ விவி என்பவர், சைக்கிள் சுற்றுலாவுக்கே பிதாமகர், அவர் சைவம்! பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பது அவர் போட்ட விதி. பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு மூன்று மணிக்கு ஆறின சோற்றைச் சாப்பிடுகிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான விதிதான்.

கியருக்காக வாதாடியவரும் அவரே. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜோ, கியர் எல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-ல் எழுதினார். சங்கிலியை மாற்றும் கியருக்கு 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் இடம் கிடைத்தது. நான்தான் நாற்பத்தைந்து தாண்டியவளாயிற்றே! ஏற்றம் தொடங்கியதும் எல்லாவற்றிலும் லேசான கியரைப் போட்டேன். கால் கிறுகிறுவென்று சுற்றுகிறது, சைக்கிள் நடை வேகத்தில் நகர்கிறது. முட்டியையே கவனித்துக்கொண்டு மிதித்தேன். பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, வளைவு முடியும் வரை என் பின்னாலேயே ஊர்ந்து வந்து, பிறகு கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார் அந்த மனிதர். பாதியில் மர நிழலில் ஒரு தடவை இறங்கி, பேரனுக்கு மிட்டாய் உடைத்துக் கொடுத்து, நானும் ஒன்று வாயில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன்.

உச்சியில் மகள் ஏற்கெனவே போய் நின்றிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, தலை கலைந்து, கல்யாணத்துக்கு முன் இருந்த அந்தப் பெண்ணாகத் தெரிந்தாள். "அம்மா, இன்னிக்கு ஒரு தடவைகூட மணி பார்க்கலை" என்றாள்.

அங்கிருந்து தூர்னு வரை கூடியமட்டும் இறக்கம்தான். சோன் நதிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்தோம். மாலை ரயிலில் சைக்கிள்களை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் பிடித்தேன். மறுநாள் காலை மகள் வீட்டு மாடிப்படியை நேராகவே இறங்கினேன். முட்டி பேசவில்லை. உட்கார்ந்த இடம்தான் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தது!