இயந்திரத்துக்கும் வாய் உண்டு

செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் எப்போது வரும் என்று பலரும் கேட்கின்றார்கள். இத்தாலி அதற்காகக் காத்திருக்கவில்லை. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையிலெடுத்து, அந்நாட்டின் அதிகாரசபை 2023 மார்ச் இறுதியில் 'சட்ஜிபிடி'யை இடைநிறுத்தியது. மக்களின் விபரங்களை எந்த உரிமையில் திரட்டி இயந்திரத்துக்குப் படிப்பித்தீர்கள்? சிறுவர்களின் வயதை ஏன் பார்க்கவில்லை? இவைதான் கேள்விகள். 'என் விபரத்தைப் பயிற்சிக்கு எடுக்காதே' என்று சொல்ல ஒரு படிவம் உட்படச் சில மாற்றங்களைச் செய்த பிறகு, ஏப்ரல் இறுதியில் சேவை திரும்பியது. 2024 டிசம்பரில் 1 கோடி 50 இலட்சம் யூரோ தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்யப் போவதாக நிறுவனம் அறிவித்தது.

இதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி என்றுதான் எங்கள் தெருவில் நினைக்கின்றார்கள். சென்ற மாதம் அயல்வீட்டு ராத்தா ஒருவர் என் மகளிடம் வந்தார். உதவிப்பணம் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். "போன்ல கேட்டா அழகா எழுதித் தருமாமே மகள்" என்று அடையாள அட்டையை நீட்டினார். கணவரின் நோய், அடகிலிருக்கும் நகை, கடன் என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பேரும் நம்பரும் அதுல போட வேணாம் மாமி, பிறகு கையால எழுதுவோம்" என்றாள் மகள்.

"ஏன், மெஷினுக்கு வாயா இருக்கு?"

நான் நோர்வேக்காரரின் கதையைச் சொன்னேன். தன்னைப் பற்றி அவர் கேட்டபோது, சொந்தப் பிள்ளைகள் இருவரைக் கொன்று 21 ஆண்டுச் சிறை பெற்றவர் என்று அது எழுதியது. முழுப் பொய், ஆனால் ஊரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சரி. தனியாள் விபரம் பிழையின்றி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வைத்தே 2025 மார்ச்சில் முறைப்பாடு செய்யப்பட்டது.

இச்சட்டத்தால் எல்லாம் முடியும் என்று நான் நம்பவில்லை. கணக்குக் கொப்பியில் பிழையான வரியை வெட்டலாம். இந்த இயந்திரத்தில் வெட்டுவதற்கு வரியே இல்லை. படித்ததெல்லாம் எண்களாகக் கரைந்து கிடக்கின்றது. படிவம் நிரப்பும் சுமையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகின்றது. என்றாலும், பொறுப்பாளியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஒரு கதவாவது திறந்திருக்கின்றது.

"எங்கட நாட்டிலயும் அப்படி முறைப்பாடு செய்யலாமா?" என்று ராத்தா கேட்டார். 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் பிழையைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகின்றது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொன்னேன்.