பார்ட்டி மட்டுமில்லை

வெளிநாட்டு மாணவர் குழு என்றாலே பார்ட்டி என்று ஊரில் நினைக்கிறார்கள். பார்ட்டியும் உண்டு, மறுக்கவில்லை! ஆனால் 1989இல் தொடங்கிய எராஸ்மஸ் ஸ்டூடண்ட் நெட்வொர்க் என்ற எங்கள் குழுவில் எனக்குப் பிடித்தது, புதிதாக வருபவருக்குப் பழைய மாணவர் ஒருவரைத் துணை சேர்ப்பதுதான்.

இங்கே ஜெர்மனியில், ஸ்பெயினிலிருந்து வந்த பெண்ணை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்து, நகராட்சியில் முகவரி பதிய வைத்தேன். காலி பிளாஸ்டிக் பாட்டிலை மிஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று காட்டியதும், அவள் அறையிலிருந்த பாட்டில்களையெல்லாம் பையில் அள்ளிவந்தாள்.

குழுவாக முதியோர் இல்லத்துக்கும் போவோம். அங்கே ஒரு பாட்டி சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தே எங்களைத் தோற்கடிக்கிறார்.

அக்டோபரில் வரும் தம்பி தங்கைகளே, தமிழ் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடாதீர்கள். முதல் வாரமே எராஸ்மஸ் குழுவிலும் பெயர் கொடுங்கள்.