கேஸ் தீர்ந்துவிட்டதா?

அம்பாங் பெச்சா என்றால் ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்ததால் வந்த பெயர் அது. அவ்வூர்ப் பட்டறைக்கு ஒரு நாள், வீட்டு வசதியுள்ள சுற்றுலா வாகனம் ஒன்று வந்தது. அதன் குளிர்சாதனம் கூரையில் இல்லை. தரைக்கு அடியில் இருந்தது. குளிர்ச்சி குறைந்துவிட்டது.

“மாமா, கேஸ் தீர்ந்துவிட்டது போலும். நிரப்பிவிடலாமா?” என்றான் தொழில் பழகும் இளைஞன்.

“கேஸ் என்ன பெட்ரோலா, ஓடஓடத் தீர்ந்துபோக? அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். கசிந்தால்தான் குறையும். முதலில் கசிவு இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்,” என்றார் மாமா.

கசிவு இல்லை. ஆனால், சாலைக்கு அருகில் இருந்த சுருளில் புழுதியும் சேறும் அப்பியிருந்தன. வெப்பம் வெளியேற வழியில்லை. இளைஞன் மின்னிணைப்பைத் துண்டித்தான். தகடுகள் மடங்காதவாறு மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவினான். வடிகட்டியையும் நீர் வடியும் குழாயையும் சுத்தம் செய்தான். உலர்ந்த பின் இயக்கியதும் குளிர்காற்று வீசியது.

“கேஸ் நிரப்பியிருந்தால் கூடுதல் பணம் கிடைத்திருக்குமே, மாமா?”

“கிடைத்திருக்கும். அளவுக்கு மிஞ்சிய கேஸ் கம்ப்ரசரையே கெடுத்துவிடும். பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பாய்?”

இளைஞன் கழுவிய கூலியை மட்டும் சீட்டில் எழுதினான்.