அடிபட்ட எலீஸ்

மார்ச் 2, ஞாயிறு

மதுரையிலிருந்து போய் லண்டன் ஹாரோவில் குடியேறிய நண்பருக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இனி வாரக் கடைசியில் ஓட்டுவதற்கென்றே ஒரு லோட்டஸ் எலீஸ் வேண்டும் அவருக்கு. இன்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 2000-ஆம் ஆண்டு வண்டி, முதல் தலைமுறை, நீல நிறம், 14,500 பவுண்டு. அவர் பார்த்துவைத்திருக்கும் மற்ற எலீஸ்களைவிட ஐந்தாறாயிரம் குறைவு. காரணம் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: 'கேட் டி, 2009.'

மனைவி எட்டிப் பார்த்தார். "அடிபட்ட வண்டியாங்க? வேற கிடைக்கலையா?"

மார்ச் 3, திங்கள்

மதியச் சாப்பாட்டு வேளையில் நண்பர் படித்தது எல்லாம் அந்த 'டி'யைப் பற்றித்தான். 'கேட்' என்பது 'கேட்டகரி'யின் சுருக்கம். பிரிட்டனில், அடிபட்ட வண்டியைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவுசெய்தால், சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும்; வண்டிக்கு ஓர் எழுத்தும் போடும். 'ஏ' என்றால் மொத்தமும் நசுக்கப்பட வேண்டியது. 'பி' என்றால் பாகங்களைக் கழற்றி விற்கலாம், வண்டி மறுபடி ரோட்டுக்கு வரக் கூடாது. சி, டி இரண்டும் சரிசெய்து ஓட்டக்கூடியவை. 2017 அக்டோபரில் சி, டி போய் எஸ், என் வந்தன. சேஸிஸ், பில்லர் போன்ற கட்டமைப்பில் அடி என்றால் எஸ். அதில் அடியில்லை என்றால் என்.

பழைய எழுத்து வாங்கிய வண்டிகள் அதையே சுமக்கின்றன. சங்கடம் அங்கேதான். பழைய 'டி' எங்கே அடிபட்டது என்று சொல்வதில்லை. செலவுக் கணக்கு உதைத்தது என்று மட்டும்தான் சொல்கிறது.

மார்ச் 5, புதன்

எலீஸ் விஷயத்தில் அந்தக் கணக்கு சீக்கிரம் உதைக்கும். இந்தக் காரின் முன்பக்கம் முழுவதும் ஒரே ஃபைபர்கிளாஸ் வார்ப்பு, பின்பக்கமும் அப்படியே. பம்பரை மட்டும் கழற்றி மாற்றும் பேச்சே இல்லை. யாரோ ரிவர்ஸ் எடுக்கும்போது மூலையில் இடித்தால்கூட முன்பக்கத்தையே தூக்கி, சரிசெய்து, முழுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். விலை சரிந்து கிடந்த காலத்தில் அந்த பில் வந்தால், கம்பெனி கைகழுவத்தானே செய்யும்?

உள்ளே இருப்பது வேறு சமாச்சாரம். 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது எல்லோரும் பேசியது அதன் சேஸிஸைப் பற்றித்தான். அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல், எபாக்ஸி பசையால் ஒட்டிச் சூளையில் இறுக வைத்தது. எடை வெறும் 68 கிலோ. வண்டி மொத்தமே 725 கிலோ சொச்சம், நம்ம ஊர் மாருதி 800-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் இந்த சேஸிஸ் ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான். இழுத்து நிமிர்த்த முடியாது. வெல்டிங் சூட்டில் பசையும் போகும், அலுமினியத்தின் பலமும் போகும். புதிது போட வேண்டும் என்பதே லோட்டஸ் கம்பெனியின் நிலை.

ஆக, நண்பர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 2009-இல் அடி தோலோடு நின்றதா, உள்ளே இறங்கியதா?

மார்ச் 8, சனி

நாரிச் நகருக்கு வெளியே, நீல எலீஸை விற்பவரின் வீட்டு வாசல். எலீஸ் பிறந்த ஹெதல் தொழிற்சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய பழைய விமானத் தளம் அது. லோட்டஸ் வேலையே செய்து பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிப் போயிருந்தார் நண்பர். செகண்ட்ஹேண்ட் வண்டி பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் பெயிண்ட் மீட்டரை மெக்கானிக் பையிலிருந்தே எடுக்கவில்லை. அது உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். ஃபைபரில் ஒன்றும் சொல்லாது.

அவர் கையில் இருந்தது டார்ச் மட்டும். முன்சக்கரத்தை முழுசாக ஒடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு உள்ளே வெளிச்சம் அடித்தார். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்ய, ஸ்டீயரிங் ஆர்ம் பொருந்தும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகள் வைத்திருப்பார்கள். இடப்பக்கம் எண்ணினார், வலப்பக்கம் எண்ணினார். இரண்டும் சமம். பிறகு கால்மிதியை விலக்கி வெறும் அலுமினியத் தரையை விரலால் தடவினார். அலை இல்லை, சுருக்கம் இல்லை. சஸ்பென்ஷன் பிடிமானம் இருக்கும் இடங்களில் பசைக் கோடு வெடிக்காமல் இருந்தது.

விற்பவர் ஒரு கவரை நீட்டினார். பழுதுபார்க்கும் முன் எடுத்த புகைப்படங்கள்: முன்பக்க ஃபைபர் கிழிந்து ஒரு ஹெட்லைட் தொங்குகிறது, அதன் பின்னால், மோதலைத் தாங்கவென்றே வைத்திருக்கும் பெட்டி முழுசாக நிற்கிறது. அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய, எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றை நண்பர் முந்தின இரவே படித்திருந்தார். 2009-க்குப் பிறகு வருஷம் தவறாமல் சோதனை; டயர் ஒருபக்கமாகத் தேய்ந்ததாக ஒரு குறிப்புகூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மனைவி சொல்லுக்காக கென்ட்டில் இன்னொரு எலீஸ். 19,900 பவுண்டு. எந்த எழுத்தும் இல்லை, ரெக்கார்ட் பளிச். மெக்கானிக் டார்ச் அடித்த ஐந்தாவது நிமிஷம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பின்சக்கரங்களில் ஒருபக்கம் ஷிம் கட்டாக இருக்கிறது, மறுபக்கம் ஒன்றே ஒன்று. பின்பக்க ஃபைபரின் மூலையில் பெயிண்டுக்கு அடியில் நட்சத்திர வெடிப்பு.

எலீஸுக்கு எஞ்சின் நடுவில், எடை பின்னால். மழையில் ரவுண்டானா திரும்பும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்பக்கமாகச் சுழன்று வேலியில் போய் உட்காரும். இந்த வண்டியும் எங்கோ அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் ஊகம். இன்ஷூரன்ஸிடம் போகாமல் சொந்தக் காசில் சரிசெய்துகொண்டால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கம்பெனிக்குச் சொன்னது மட்டும்தானே பதிவேட்டுக்குத் தெரியும்?

"சுத்தமான வண்டி"யைப் பற்றி மனைவி அதற்குப் பிறகு பேசவில்லை.

மார்ச் 12, புதன்

இன்ஷூரன்ஸுக்குப் போன். முதல் கம்பெனி 'கேட் டி' என்றதும் வேண்டாம் என்றது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே பாலிசி போடும் இன்னொரு கம்பெனி, புகைப்படமும் மெக்கானிக்கின் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டி மதிப்பை 14,000 என்று முன்கூட்டியே எழுதித்தரச் சம்மதித்தது. இந்த 'டி' நாளை நண்பர் விற்கும்போதும் விலையைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் இன்று அவரும் பிடித்து இழுத்தார். போனில் அரைமணி நேரப் பேரத்துக்குப் பிறகு 13,250-இல் நின்றது.

மார்ச் 15, சனி

பணம் கட்டும் முன் ஒரே நிபந்தனை: விற்பவர் செலவில் நான்கு சக்கர அலைன்மென்ட். அச்சடித்த தாளில் இடமும் வலமும் அளவுக்குள் இருந்தன. மாலையில் நீல எலீஸ் ஹாரோவுக்கு வந்துசேர்ந்தது.

இப்படி ஒரு வண்டியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: பழுதுபார்க்கும் முன் எடுத்த படம், அலைன்மென்ட் தாள். இரண்டும் இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.