குலுக்கல் இல்லாத விருந்து

ஏழை மாணவரின் கல்விக் கட்டணத்திற்கு நிதி திரட்ட, எம் பழைய மாணவர்கள் 2016இல் விருந்தொன்று நடத்தினர். மௌன ஏலமும் பரிசுக் குலுக்கலும் என் பொறுப்பாயின. நூறு ரூபாய்ச் சீட்டுகள் முந்நூறு விற்றாயிற்று. விருந்தன்று காலை பெரியவர் ஒருவர் வந்தார்.

"தம்பி, நானும் ஐந்து சீட்டு வாங்கிவிட்டேன், உறக்கம் வரவில்லை. இது சூதில்லையா? தமிழக அரசே 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டதே!"

எனக்கு நா எழவில்லை. ஏலத்திற்கு முன்மாதிரி உண்டு. வறிய அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏலமிட்டு இரண்டு திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்தார்கள்; ஒன்று உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. அக்கோடரியால் விறகு வெட்டி விற்று அவர் பிழைத்தார். குலுக்கலுக்கு நான் எதைக் காட்டுவேன்?

மாலையில் மேடையேறிப் பிழையை ஒப்புக்கொண்டேன். பணத்தைத் திருப்பித்தர மேசை போட்டோம். (பொருளாளரின் முகத்தை நான் பார்க்கவில்லை, துணிவில்லை.) பெரும்பாலோர் சீட்டைக் கிழித்துவிட்டு, பணம் நிதியிலேயே இருக்கட்டும் என்றனர்.

பெரியவர் மட்டும் ஐந்நூறையும் எண்ணி வாங்கினார். மௌன ஏலத்தில் கூவுவாரில்லை. பொருளருகே உள்ள தாளில் அவரவர் தொகையை எழுத வேண்டும். பத்தமடைப் பாயின் தாளில் அவர் 1,500 என்று எழுதிவிட்டு உண்ணச் சென்றார்.