மணற்கடிகைக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம்

வார்சா,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள தோழிக்கு,

இன்றைய பொழுது இங்குள்ள அரச அரண்மனையிலேயே போய்விட்டது. 1944இல் ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்த இடம் இது. இன்று நிற்கும் கட்டடம் 1971க்குப் பிறகு எழுப்பியது. சுவர்கள் புதியவை, படங்கள் பழையவை. 1939இல் குண்டு விழுந்து அரண்மனை எரிந்தபோது அருங்காட்சியக ஊழியர்கள் படங்களை வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்களாம். அவர்களை நினைத்தபடியேதான் அறை அறையாக நடந்தேன்.

பளிங்கு அறையில் போலந்து மன்னர்கள் 22 பேர் சுவரைச் சுற்றி வரிசையாக இருக்கிறார்கள். வரைந்தவர் ஒருவரே, மார்ச்செல்லோ பாச்சரெல்லி. 1731இல் ரோமில் பிறந்த இத்தாலியர். டிரெஸ்டனில் வேலை பார்த்தபோது ஃபிரெடரிக்கே ரிக்டர் என்ற சிற்றோவியக் கலைஞரை மணந்தார். பிறகு வார்சா, வியன்னா. 1766இல் மன்னர் ஸ்தனிஸ்வாவ் அவுகுஸ்த் அழைக்க, திரும்பி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அரண்மனைக்குள்ளேயே அவருக்கு ஓவியக்கூடம். மாணவர்கள் அங்கே கற்றார்கள். மன்னரின் உருவப்படத்துக்குப் படிகளும் எடுத்தார்கள். யாருக்காவது பரிசளிக்கவென்று அந்த முகம் ஓயாமல் தேவைப்பட்டது. பளிங்கு அறையிலேயே மன்னர் முடிசூட்டு உடையில் ஆளுயரம் நிற்கிறார். பட்டின் பளபளப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

1772இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டை முதன்முறை பங்குபோட்டுக்கொண்டன. அதற்குப் பத்து வருஷம் கழித்து, அரண்மனையின் வீரர் மண்டபத்துக்கென்று பழம்பெருமைக் காட்சிகள் ஆறு வரையச் சொல்கிறார் மன்னர். குடியானவர்களின் முறையீட்டைப் பழங்கால மன்னர் மகா காசிமிர் கேட்கும் காட்சி அவற்றில் ஒன்று. நாடு கைநழுவும்போது நல்லரசனை வரையச் சொன்ன மனதை எண்ணி வெகுநேரம் அங்கே நின்றேன்.

முன்னமே தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு படத்தைத்தான் உனக்குக் காட்ட ஆசை. ஆண்டு 1793, இரண்டாம் பங்கீடு நடந்த வருஷம். அதே மன்னர், அதே ஓவியர். கிரீடம் மேசைமேல் கிடக்கிறது, பக்கத்தில் மணற்கடிகை. அரசவை ஓவியர் என்றாலே முகத்துதி என்பார்கள். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரே முகத்தைப் பார்த்தவரின் வேலை இது.

1795இல் மன்னர் முடிதுறந்தார். 1798இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். ஓவியர் வார்சாவை விட்டுப் போகவில்லை. 'வார்சா டச்சி' என்ற சிற்றரசுக்கு நெப்போலியன் அரசியல் சாசனம் வழங்கும் காட்சியை 1811இல் வரைந்தபோது வயது 80. கால் வைத்த நாளில் அந்நியராக இருந்த ஊரில் 1818 ஜனவரியில் கண்மூடினார்.

நாளை கிளம்புமுன் அந்த மணற்கடிகைப் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

அன்புடன்,
உன் தோழி